கட்டாக்காலியும் அத்துமீறலும்

மன்னாரிலிருந்து பூநகரிப் பக்கம் போகும் ஏ-32 வீதியில் பாப்பாமோட்டையை நெருங்கினால் வலக்கைப் பக்கம் வயல், இடக்கைப் பக்கம் தரவை, தரவைக்கு அப்பால் கடல். காலபோக நெல் கதிர் தள்ளும் நாட்களில் இந்தப் பக்கத்துக்கு இரண்டு பயம். ஒன்று மாடு, மற்றது றோலர் என்னும் இழுவைப்படகு. இரண்டும் இரவில்தான் வரும்.

மாடு இறங்கிய வயல் ஒன்றை விடியற்காலையில் பார்த்தேன். வரப்போரத்தில் இரண்டு பாய் விரிக்கும் அளவுக்கு நெல் மடங்கிக் கிடந்தது. குளம்புக் குழிகளில் தண்ணீர் நின்றது. மேய்ந்த தாள்கள் அரிவாள் பட்டதுபோல ஒரே மட்டத்தில் இருந்தன. வயல்காரர் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அவர் கேட்ட முதற் கேள்வி, “ஆருடைய மாடு?” எந்த வேலியால் வந்தது, எத்தனை வந்தது என்பதெல்லாம் பிறகுதான். தொடையில் சுட்ட குறியைப் பார்த்தால் சொந்தக்காரர் யாரென்று தெரிந்துவிடும். பிரதேச சபை பிடித்துக் கட்டினாலும் தண்டம் கட்டி மீட்கவேண்டியவர் அவர்தான்.

அந்த மாட்டுக்கு எங்கள் வழக்கில் கட்டாக்காலி என்று பெயர். காலி என்றால் கால்நடை; கன்றுகாலி என்கிறோமே, அந்தக் காலி. கட்டாத காலி கட்டாக்காலி. இந்தச் சொல்லுக்குள் மாடு செய்த குற்றம் எதுவுமே இல்லை. மாடு நுழைந்தது, தின்றது, மிதித்தது என்று எதையும் அது சொல்லவில்லை. கட்டவேண்டிய ஒருவர் கட்டாமல் விட்டார் என்பதை மட்டும் சொல்கிறது. காலனிக் காலத்துக் கட்டளைச் சட்டம் இதையே ஆங்கிலத்தில் ‘கற்றில் ட்ரெஸ்பாஸ்’ என்கிறது. வரம்பைக் கடந்தது மாடு என்பது ஆங்கிலச் சட்டத்தின் பேச்சு. கட்டத் தவறியது மனிதன் என்பது எங்கள் ஊர்ப் பேச்சு.

அதே கிழமை, கடற்கரையில் பூவரசு நிழலில் ஒருவர் நண்டு வலை பொத்திக்கொண்டிருந்தார். பொத்த ஏதாவது மிஞ்சியிருந்ததா என்பதே சந்தேகம். ஈயம் கோத்த கயிறு ஒரு பக்கமும் மிதவை கோத்த கயிறு ஒரு பக்கமும் கிடக்க, நடுவில் இருக்கவேண்டிய வலை முழங்கைக்கு முழங்கை கிழிந்து, சேறும் பாசியும் ஏறிச் சடை பிடித்திருந்தது. வலை ஊசி அவர் கையில் சும்மா நின்றது.

“றோலர் வாரி அள்ளிக்கொண்டு போயிட்டுது தம்பி.”

“எந்தப் படகு எண்டு கண்டீங்களா?”

“இருட்டுக்க வெளிச்சம் மட்டும்தான் தெரியும். வெளிச்சத்தில என்னத்த வாசிக்கிறது?”

வயலில் முதலாவதாக வந்த கேள்வி கடலில் பிறப்பதே இல்லை. யாருடைய படகு என்று அவரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் பதில் சொல்ல ஆள் இல்லை. மறுநாள் பத்திரிகையில் அந்த இரவு ஒரே சொல்லாக அச்சாகியிருந்தது: அத்துமீறல்.

மொழிபெயர்ப்பு என் வயிற்றுப்பாடு. மனித உரிமை அறிக்கை, கடற்றொழில் அறிக்கை, காணி அறிக்கை என்று மன்னாருக்கு வரும் ஆங்கிலக் கடதாசிகளில் ஒரு பங்கு என் மேசைக்கு வந்துவிடும். சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்துக்கு முப்பது பக்க அறிக்கை ஒன்றைத் தமிழாக்கிக் கொடுத்தேன். திரும்பி வந்த பிரதியில் சிவப்புப் பேனாவால் ஒரே சொல்லைச் சுற்றி நாற்பது, ஐம்பது வட்டங்கள். ஆங்கிலத்தில் வயலேற், இன்பிரிஞ்ச், பிரீச், கொன்ற்ரவீன், ட்ரெஸ்பாஸ் என ஐந்து வினைகள். என் தமிழில் ஐந்துக்கும் ‘மீறல்’. ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்கள். அந்தக் கேள்விக்குறிக்கு நான் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஐந்தும் ஒன்றல்ல. வயலேற் என்பது இலத்தீனில் வன்மையைக் குறிக்கும் சொல்லின் உறவு. கோவிலை அசுத்தப்படுத்துவதற்கும் பெண்ணைக் கெடுப்பதற்கும் அதே வினைதான். இன்று வீதி ஒழுங்கை மீறியவரும் அந்த வினைக்குள்தான் வருகிறார், ஆனால் பழைய இரத்தக் கறை அதில் இன்னும் போகவில்லை. இன்பிரிஞ்ச் என்பது உடைத்தல். ஒடிந்த கிளை அதில் தெரியும். கொன்ற்ரவீன் எதிரே வந்து நிற்றல். ட்ரெஸ்பாஸ் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, தாண்டி நடத்தல் என்பது அதன் பொருள். ட்ரான்ஸ்கிரஸ் என்பதிலும் காலடிதான் இருக்கிறது. கடல் விடயத்தில் கொழும்பு ஆங்கிலப் பத்திரிகைகள் விரும்பி எழுதும் ‘போச்சிங்’ என்பதையோ, பை என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லோடு சேர்த்துப் பார்ப்பார்கள். பிரபுவின் காட்டில் முயலைப் பிடித்துப் பைக்குள் போடும் ஏழையின் படம் அது. நூறு குதிரைவலு இயந்திரமும் இரும்புப் பலகைகளும் பூட்டிய படகை அந்த ஏழையின் சட்டைக்குள் நுழைப்பது பொருத்தமாக இல்லை.

ட்ரெஸ்பாஸ் எங்கள் கரைக்கு வேறொரு வழியாலும் வந்திருக்கலாம். மன்னார் கத்தோலிக்க மண். கர்த்தர் கற்பித்த செபத்தில் மன்னிப்புக் கேட்கும் இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது கடன் என்னும் சொல். 1526இல் வில்லியம் டின்டேல் அதை ஆங்கிலத்தில் ட்ரெஸ்பாஸ் ஆக்கினார். செபப் புத்தகம் வழியாக அது நிலைத்துவிட்டது. தமிழில் கத்தோலிக்கர் பாவம் என்கிறார்கள், புரட்டஸ்தாந்தரின் பழைய வேதாகமம் கடன் என்கிறது. தாண்டி நடத்தல் என்னும் பொருள் தமிழ்ச் செபத்துக்குள் வரவே இல்லை. வந்திருந்தால், விடத்தல்தீவிலும் பேசாலையிலும் பூசைக்குப் போகும் கடற்றொழிலாளர் அந்த வரியை எந்த முகத்தோடு சொல்லியிருப்பார்கள் என்று யோசிப்பதுண்டு.

இனித் தமிழின் பக்கம் வருவோம். மீறு என்பதில் உடைத்தலும் இல்லை, நடத்தலும் இல்லை. மீ என்றால் மேல். அளவுக்கு மேலே எழுவதுதான் மீறுதல். குளத்துத் தண்ணீர் அணைக்கட்டை மீறும், நோய் மருந்தை மீறும், விடயம் கை மீறிப் போகும். இவற்றில் குற்றவாளி யாரும் இல்லை. பெருகுவதும் நிரம்புவதும் ததும்புவதும்தான் உண்டு. தண்ணீரையே அளவுகோலாக வைத்து வாழ்ந்த சனங்களின் வினை இது. குளம், மடு, மோட்டை என்று ஊர்ப்பெயர்களை முடிக்கும் வன்னியில் வேறெப்படி இருக்கும்? சட்டத்தை மீறினான் என்று சொல்லும்போதும் ஆள் மேலே எழுந்து வழிகிறான் என்பதே அடிப்படம். அதனால்தான் இந்த வினையில் இயல்பாகவே ஒரு மன்னிப்பு கலந்திருக்கிறது.

அத்து அப்படியல்ல. பார்வைக்குத் தமிழ்போல இருந்தாலும் அது அரபு ‘ஹத்’, எல்லை. மாந்தைத் துறையில் அரபிக் கப்பல்கள் இறங்கிய காலத்திலேயே இந்தச் சொல்லும் இறங்கியது என்று எழுத எனக்கு ஆசைதான். அகராதிக்காரர் அதை உருது வழியாக வந்ததென்று குறிப்பதால், காணிக் கச்சேரிகளில் அளவுச் சங்கிலி பிடித்தவர்கள் கொண்டுவந்த சொல்லாகவே எண்ணத் தோன்றுகிறது. ஆக அத்துமீறல் என்பது காணிச் சண்டையின் சொல். வேலிக்கு இப்பால் என்னது, அப்பால் உன்னது என்பவர்களின் சொல். வேலி போட முடியாத இடத்துக்கு அதைக் கொண்டுபோனது பிற்காலம்.

எப்போது கொண்டுபோனோம் என்பதற்கு ஓரளவு விடை உண்டு. 1974 ஜூன் 26இல் கொழும்பிலும் 28இல் புதுடில்லியிலும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்திரா காந்தியும் கையொப்பமிட்ட ஒப்பந்தம் பாக்கு விரிகுடாவின் நடுவே புள்ளிகளை இணைத்துக் கோடு போட்டது. 1976 மார்ச்சில் அடுத்த ஒப்பந்தம் மன்னார் வளைகுடாவையும் வங்கக் கடலையும் பிரித்தது. அதை ஒட்டிப் பரிமாறிய கடிதங்கள் ஒரு நாட்டு மீனவர் மறு நாட்டுக் கடலில் அனுமதியின்றித் தொழில் செய்யக்கூடாது என்றன. அதற்கு முன் இந்தக் கடலில் அத்து இருக்கவில்லை. பாடு இருந்தது, முறை இருந்தது, யார் வலை எங்கே என்ற தெரிதல் இருந்தது.

கோடு விழுந்த பிறகும் எல்லாத் தாண்டுதலும் அத்துமீறல் ஆகிவிடவில்லை. 1983க்குப் பிறகும் 1990இலும் இந்தக் கரையிலிருந்து வள்ளம் ஏறி இராமேஸ்வரம் போனவர்கள் ஆயிரக்கணக்கில். அதை ‘அங்கால போறது’ என்றுதான் சொன்னோம். அந்தச் சொல்லில் எல்லையும் இல்லை, குற்றமும் இல்லை. கடவுச்சீட்டு இல்லாமல் நடுக்கோட்டைத் தாண்டிய அந்த வள்ளங்களை இரு பக்கத்துச் சட்டமும் எப்படிப் பார்த்ததோ, தமிழ் அப்படிப் பார்க்கவில்லை. 2002 பெப்ரவரி 22 போர்நிறுத்த ஒப்பந்தத்துக்குப் பிறகு மீறல் என்பது எண்ணக்கூடிய பொருளாயிற்று. கண்காணிப்புக் குழு முறைப்பாடுகளை எண்ணியது, பத்திரிகைகள் ‘மீறல்கள்’ என்று பன்மையில் எழுதின. வினையாக இருந்தது பெயராகி, பெயர் எண்ணிக்கையாகி, எண்ணிக்கை பட்டியலாகி, 2008 ஜனவரியில் ஒப்பந்தமே போயிற்று. அந்த வருட நடுவில் அடம்பனும் விடத்தல்தீவும் இலுப்பைக்கடவையும் ஒன்றன்பின் ஒன்றாக இராணுவத்தின் கைக்குப் போக, இந்த வீதியோரத்துச் சனம் முழுவதும் உடமைகளைக் கட்டிக்கொண்டு கிழக்கே நடந்தது. நடந்தவர்களில் கடற்றொழிலாளரும் இருந்தார்கள். அவர்கள் இல்லாத கடலில், அவர்கள் கடலுக்குப் போக அனுமதி இல்லாத வருடங்களில், எதிர்க்கரை விசைப்படகுகளுக்குப் பாதை பழகிவிட்டது.

ஆகவே 2009க்குப் பிறகு திரும்பிவந்து வலை வாங்கிக் கடலில் இறங்கியவர்களுக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. அத்துமீறல் அந்தத் தேவையை நன்றாக நிறைவேற்றியது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தமிழ்நாட்டோடு உறவுகொண்டாடும் அரசியல் சூழலில், ‘தொப்புள்கொடி உறவு’ என்று மேடைகளில் பேசப்படும் சூழலில், ‘எங்கட வலையை அறுக்கிறது எங்கட ஆக்கள்தான்’ என்று சொல்ல வடபகுதிக் கடற்றொழிலாளருக்கு நீண்டகாலம் வாய் வரவில்லை. சொன்னால் அரசுக்குத் துணைபோகிறவர் என்ற பழி வரும். அத்துமீறல் என்ற சட்டவாடைச் சொல் அந்தக் கூச்சத்தைத் தாண்ட உதவியது. இனத்தைப் பேசாமல் செயலைப் பேச வழி கிடைத்தது. கச்சேரியில், பாராளுமன்றத்தில், ஆர்ப்பாட்டப் பதாகையில் ஒரே சொல் நின்றதால் ஒரு தரப்பு உருவானது. அப்போதைய பாராளுமன்ற உறுப்பினர் எம். ஏ. சுமந்திரன் தனிநபர் சட்டமூலமாகக் கொண்டுவந்து 2017இல் சட்டமான அடிமட்ட இழுவைத் தடை, 1979ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் படகுச் சட்டத்தில் தண்டப்பணத்தைப் பல மடங்கு உயர்த்திய 2018 திருத்தம் ஆகிய இரண்டும் அந்தத் தரப்பின் குரல் இல்லாமல் வந்திருக்காது. ஒரு சொல் இவ்வளவு செய்தால் சின்ன விடயமா?

ஆனால் அந்த இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், சொல் எங்கே இடறுகிறது என்பதும் தெரியும். 1979 சட்டம் கேட்பது, வெளிநாட்டுப் படகே, பிடிக்க அனுமதிப் பத்திரம் இருக்கிறதா என்று. 2017 சட்டம் படகின் கொடியைப் பார்ப்பதே இல்லை. வலை அடியைத் தொட்டு இழுபடுகிறதா என்று மட்டும் கேட்கிறது. முதலாவது உரிமை பற்றியது, இரண்டாவது அழிவு பற்றியது. இவை இரண்டோடு, வெறுமனே கோட்டைத் தாண்டுவது என்ற மூன்றாவது செயலும் இருக்கிறது. நுழைதல், பிடித்தல், அழித்தல். அத்துமீறல் என்று சொன்ன உடனே மூன்றும் ஒன்றாகி, மூன்றில் மிக இலேசான நுழைதலே முன்னால் வந்து நின்றுகொள்கிறது. அத்து என்ற சொல் அங்கேதான் கையைக் காட்டுகிறது.

பாக்கு விரிகுடா ஆழமில்லாத கடல். பதின்மூன்று மீற்றருக்கு மேல் ஆழமான இடம் அரிது. அடியில் கடற்புல். அந்தப் புல்லுக்குள்தான் நண்டும் இறாலும் குஞ்சு வளர்க்கும். இழுவைமடி என்பது வாய் திறந்த பை. வாயை அகட்டிப் பிடிக்க இரண்டு பக்கமும் பாரமான பலகைகள், அடிக்கயிற்றில் சங்கிலி. மணிக்கணக்கில் அதை இழுத்துக்கொண்டு போனால் புல் உரியும், சேறு கிளம்பும், குஞ்சும் வலைக்குள் வரும். வழியில் யாருடைய நண்டு வலை கிடந்தாலும் பலகைக்குத் தெரியாது. இவ்வளவும் கோட்டுக்கு அந்தப் பக்கம் நடந்தால் அத்துமீறல் இல்லை. இராமநாதபுரக் கடலில் புல் உரிந்தபோது அதற்கு அத்துமீறல் என்று பெயர் வரவில்லை. அங்கே பிடிக்க ஒன்றும் மிஞ்சாததால்தானே இங்கே வருகிறார்கள்.

தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் இதே சம்பவத்துக்கு வேறொரு வாய்பாடு வைத்திருக்கின்றன: ‘எல்லை தாண்டி மீன்பிடித்ததாகக் கூறி இலங்கைக் கடற்படை சிறைபிடித்தது.’ இந்த வாக்கியத்தின் சூட்சுமம் ‘தாகக் கூறி’யில் இருக்கிறது. குற்றத்தைச் சொல்லிக்கொண்டே அதை மற்றவன் வாயில் போட்டுவிடும் உருபு. இலக்கணத்தில் இதற்கு ஒரு பரிசு கொடுக்கலாம். எல்லை தாண்டினார்களா இல்லையா என்று வாசகர் யோசிக்கும் வேளையில், என்ன வலை, எத்தனை மணி நேரம், யார் படகு என்ற கேள்விகள் கரையேறிவிடுகின்றன. இங்கே எங்கள் பத்திரிகை எழுதும் ‘அத்துமீறி’யும் அங்கே எழுதும் ‘தாகக் கூறி’யும் ஒன்றையொன்று மறுப்பதுபோலத் தோன்றும். உண்மையில் இரண்டும் கோட்டைப் பற்றியே கதைத்து, கடலடியை விட்டுவிடுகின்றன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாக்கு விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நாட்கள் என்பது தமிழ்நாட்டு ஒழுங்கு. இரு தரப்பும் மோதாமல் இருக்கச் செய்த நல்ல ஏற்பாடு. திங்கள், புதன், சனி. அந்த ஒழுங்கைப் படகுகள் பெரும்பாலும் மதித்தே நடக்கின்றன. அதனால்தான் வடபகுதிக் கரை முழுவதும் அந்த மூன்று இரவும் வலை போடப் பயந்து சும்மா இருந்தது. எதிர்க்கரைச் சட்டத்துக்கு எவ்வளவு பணிவோ அவ்வளவு ஒழுங்காக எங்கள் வலை அறுந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தமிழ்நாட்டுத் தடைக்காலம் மீன் இனப்பெருக்கத்துக்காக என்று சட்டம் சொல்லும். இங்கே அது நிம்மதியாகத் தூங்கவும் தொழில் செய்யவும் கிடைத்த அறுபத்தொரு நாள். கட்டுப்பாட்டையும் மீறலையும் ஒரே கை ஒரே இரவில் செய்யும் இந்த நிலைமைக்கு ஐந்து ஆங்கில வினைகளிலும் இடமில்லை.

இனி, கட்டாக்காலிக்குத் திரும்புவோம். பிடிபடும் படகில் இருப்பவர்கள் யார்? படகோட்டி, கூலிக்குப் போனவர்கள் சிலர். சொந்தக்காரர் கரையில். நீதவான் நீதிமன்றத்தில் வரிசையாக நிற்பவர்கள் சாரம் கட்டிய கூலிகள். விளக்கமறியல் அவர்களுக்கு, ஒத்திவைத்த தண்டனை அவர்களுக்கு, மறுபடி பிடிபட்டால் உள்ளே போவதும் அவர்கள்தான். 2018க்குப் பிறகு படகு பறிமுதல் என்பது பெரிதாகி, உரிமை கோர விரும்பும் உரிமையாளர் இங்கே வந்து நீதிமன்றத்தில் நிற்கவேண்டும் என்ற நிலை வந்தது. வயல்காரர் விடியலில் கேட்ட கேள்விக்குச் சட்டம் சற்றே நெருங்கிய இடம் அது ஒன்றுதான். பத்திரிகைத் தலைப்பு இன்னும் நெருங்கவில்லை. ‘இந்திய மீனவர் அத்துமீறல்’ என்று எழுதும்போது நாடு தெரிகிறது, தொழில் தெரிகிறது, முதலாளி தெரியவில்லை. மாடு வேலி பாய்ந்தது என்று எழுதிவிட்டு மாட்டையே சிறையில் போட்டதுபோல இருக்கிறது.

2021 ஜனவரியில் நெடுந்தீவுப் பக்கத்துக் கடலில் இலங்கைக் கடற்படைக் கலத்தோடு மோதி மூழ்கிய படகில் நால்வர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் மண்டபம் முகாமில் இருந்த ஈழத்து அகதி. ‘அங்கால’ போனவர் கூலிக்கு ‘இங்கால’ வந்து, செய்தியில் எல்லை தாண்டியவர் ஆனார். 2024 ஜூனில் இழுவைப்படகு ஒன்றை மடக்கும்போது நடந்த மோதலில் இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் உயிர் விட்டார். பழந்தமிழில் இறத்தல் என்றால் கடத்தல், வரம்பு தாண்டுதல். திருக்குறளின் பொறையுடைமை அதிகாரத்தில் இறப்பு என வருவது சாவு அல்ல, ஒருவர் அளவுகடந்து செய்த தீங்கு. அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார் வள்ளுவர். காலப்போக்கில் அந்தப் பொருள் தேய்ந்து சாவு மட்டும் மிஞ்சிற்று. இந்தக் கடலில் இரண்டு பொருளும் மறுபடி ஒன்றாகிவிட்டதைப் பார்க்க எந்தச் சொல்லாராய்ச்சிக்காரனுக்கும் மகிழ்ச்சி வராது.

அத்துமீறலின் இன்னொரு குறை உள்ளூரைப் பற்றியது. மீறல் எப்போதும் வெளியிலிருந்து வருவதாக இந்தச் சொல் ஒரு சௌகரியத்தைத் தருகிறது. பூவரசு நிழலில் நான் பார்த்த குவியலுக்குப் பக்கத்தில் இன்னொரு வலையும் கிடந்தது, வெயிலில் மின்னும் தங்கூசி வலை. 2006 ஒழுங்குவிதிப்படி இந்த நாட்டில் அது தடை. விலை குறைவு, கண்ணுக்குத் தெரியாது, மீன் படும், அறுந்து விழுந்தால் கடலடியில் வருடக்கணக்காக இருந்து சும்மா மீனைக் கொல்லும். நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார். “இதுவும் இல்லாட்டி என்ன செய்யிறது?” என்றார், கேட்காத கேள்விக்கு. பேசாலையிலும் குருநகரிலும் எங்கள் ஆட்களுடைய இழுவைப்படகுகள் இருந்தன. வெளிச்சம் பாய்ச்சிப் பிடிப்பதும் சுருக்குவலையும் டைனமைற்றும் இரண்டு ஊருக்கிடையே அடிபாடு வரை போனதுண்டு. அவற்றுக்குப் பத்திரிகையில் ‘சட்டவிரோதத் தொழில்’ என்ற மென்மையான பெயர். அத்துமீறல் என்ற கனமான சொல்லை வெளியாருக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அரசு கோட்டை நகர்த்தினால் அதற்கு இன்னும் மென்மையான பெயர். விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கிடம் 2016இல் பிரகடனமானது, 29,180 ஹெக்டேயர். கண்டலும் கடற்புல்லும் சேற்றுத்திடலும் உள்ள பெரிய பரப்பு. அந்தக் கோட்டுக்குள் தடியைத் தறித்தவன் சட்டத்தை மீறியவன். 2024 மே மாத வர்த்தமானி ஒன்று அதிலிருந்து 168 ஹெக்டேயரை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக எடுத்துவிட்டது. அதற்குப் பெயர் ‘விடுவிப்பு’. சுற்றுச்சூழல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் போயின. (தமிழ்நாட்டு வாசகருக்கு: எங்கள் உயர் நீதிமன்றம்தான் உங்கள் உச்ச நீதிமன்றம். ஒரே மொழியில் நீதிமன்றத்தின் உயரம்கூட மாறிவிடுகிறது.) கோட்டைத் தாண்டினால் மீறல், கோட்டையே தூக்கினால் விடுவிப்பு. 1978 அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை நிறைவேற்று, நிருவாகச் செயலால் நேரும் அடிப்படை உரிமை மீறலைப் பற்றிப் பேசுகிறது. ஆங்கிலத்தில் அங்கே இருப்பது இன்பிரிஞ்ச்மென்ற், உடைப்பு. தமிழில் மீறல் என்றே இருப்பதால், சிவப்புப் பேனாக்காரர் அங்கும் ஒரு வட்டம் போடுவார். எனக்கென்னவோ அந்த ஓர் இடத்தில் தமிழ்ச் சொல் மேல் என்று படுகிறது. அதிகாரம் எதையும் உடைப்பதில்லை, அளவுக்கு மேல் பெருகிப் பாய்கிறது.

சொல்லை விட்டுவிடச் சொல்லவில்லை. அத்துமீறலை எடுத்துவிட்டால் வலை அறுந்தவரிடம் வேறு ஆயுதம் இல்லை. ஆனால் தமிழ் இலக்கணத்தில் எங்களுக்கு ஒரு பழைய பயிற்சி இருக்கிறது, அதை ஏன் கடலுக்குக் கொண்டுபோகவில்லை என்பதுதான் என் முறைப்பாடு. தொல்காப்பியர் காலந்தொட்டு விதியோடு பொருந்துவதை வழாநிலை என்றோம், பொருந்தாததை வழு என்றோம், பொருந்தாவிட்டாலும் வழக்கிலே ஏற்றுக்கொண்டதை வழுவமைதி என்றோம். பசுவை அம்மா என்று அழைப்பது திணை வழு. அன்பினால் அழைத்தால் அமைதி. விதியையும் காப்பாற்றி, மீறியவரையும் வகைபிரித்துப் பார்க்கும் மூளை இது.

கடலில் வழுவமைதிக்குச் சான்று இருக்கிறது. கச்சதீவில் 285 ஏக்கர் கல்லும் முள்ளும். அங்கே அந்தோனியார் கோவிலை 1905இல் கட்டியவர் இராமநாதபுரத்துச் சீனிக்குப்பன் படையாட்சி. வருடாவருடம் தவக்காலத்தில் திருவிழா. 1974 ஒப்பந்தம் தீவை இலங்கைக்குத் தந்தபோதே, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே வந்துபோகலாம், கடவுச்சீட்டோ விசாவோ தேவையில்லை என்று எழுதி வைத்தது. ஆகவே அந்த இரண்டு நாளும் இராமேஸ்வரத்துப் படகுகள் கோட்டைத் தாண்டும், கடற்படை கரையில் நின்று கைகொடுத்து இறக்கும். தாண்டுதல் அப்படியே இருக்கிறது, குற்றம் மட்டும் இல்லை. நுழைதல் வேறு, பிடித்தல் வேறு, அழித்தல் வேறு என்பதை ஒப்பந்தம் எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். பின்னால் வந்த தலைப்பெழுத்தாளர்கள்தான் மறந்தார்கள்.

இழுவைமடியை விட்டு ஆழ்கடல் சூரைக்குப் போகச் சொல்லி 2017இல் இந்திய அரசு ஒரு திட்டம் போட்டது. மூன்று வருடத்தில் இரண்டாயிரம் படகுகள்; படகு ஒன்றுக்கு எண்பது இலட்சம் இந்திய ரூபாய்; பாதி மத்திய அரசு, ஐந்தில் ஒரு பங்கு மாநிலம், மற்றது கடனும் சொந்தப் பணமும். இலக்கின் பக்கத்திலும் அது போகவில்லை. பாக்குக் கடலில் விடியுமுன் போய் அடுத்த விடியலில் திரும்பிப் பழகியவரை வாரக்கணக்கில் வங்கக் கடலில் நிற்கச் சொல்வது எளிதல்ல, கடனும் எளிதல்ல. இருந்தாலும் அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. மாட்டைக் கட்டும் கயிறு யார் கையில் இருக்கிறது என்று தெரிந்து, அந்தக் கையைப் பார்த்துப் பேசிய ஒரே கடதாசி அதுதான். மற்றக் கடதாசிகள் எல்லாம் கோட்டைப் பார்த்துப் பேசுகின்றன.

போன மாதம் மறுபடி அந்தப் பக்கம் போனேன். வீதியில் இரண்டு மாடுகள் படுத்திருந்தன, தார் சூட்டுக்கு. முச்சக்கரவண்டிக்காரர் ஹோர்ன் அடித்தார், எழும்பவில்லை. இறங்கிப்போய்த் தொடையில் இருந்த குறியைப் பார்த்தார். திரும்பி வந்து ஏறிக்கொண்டே, “தெரிஞ்ச ஆள்தான். பின்னேரம் சொல்லுறன்” என்றார். வண்டியை வெட்டி, மாட்டைச் சுற்றி ஓட்டினார்.

பூவரசடியில் அவர் இருந்தார். வலை புதிது. கடன் என்றார். அது திங்கட்கிழமை; வள்ளம் மணலில் கவிழ்ந்து கிடந்தது.